கலர் மரம்... கவனம் பாஸ்!

மைசூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மைசூர்பாக்கு, அரண்மனை, தசரா... எனக்கு மரத்தூள்!

செமஸ்டர் லீவுல ஸ்க்ரோல் ஸா பழக ஆரம்பிச்சேன். நூல் மாதிரி மெல்லிசான பிளேடு மேலும் கீழுமா ஓடும். பலகையைத் திருப்பித் திருப்பி யானை, மயில்னு வளைச்சு வெட்டலாம். பெயின்ட்டே அடிக்காம, மரத்தோட சொந்தக் கலர்லயே படம் வேணும்னு ஆசை. அதுல கில்லாடிங்க மைசூர்க்காரங்கதான்னு சொன்னாங்க. கிளம்பிட்டேன்.

முதல்ல அரண்மனை. பழைய மர அரண்மனை 1897-ல் எரிஞ்சு போக, 1912-ல் கட்டி முடிச்சதுதான் இப்ப நாம பார்க்கறது. அம்பா விலாஸ் மண்டப வாசல்ல ஈட்டி மரக் கதவு, அதுல தந்தம் பதிச்ச வேலைப்பாடு. அசந்துட்டேன்! தந்த வியாபாரத்துக்குத்தான் தடை வந்தாச்சே, இப்ப வெள்ளைக்கு என்ன பண்றாங்க? அந்தக் கேள்வியோட மண்டி மொகல்லாவில் ஒரு சின்னப் பட்டறைக்குள்ள நுழைஞ்சேன்.

அங்கே இருந்த பெரியவர் கன்னடமும் தமிழும் கலந்து கட்டிப் பாடம் எடுத்தார். வெள்ளைக்கு வெளிர் மரம் (சன்னபட்டணா பொம்மை செய்யற வெட்பாலை அந்த ரகம்தான்), மஞ்சளுக்குப் பலா, கறுப்புக்குக் கருங்காலி, அடிப்பலகைக்கு ஈட்டி. ''ஈரத்துணியால துடைச்சுப் பாரு தம்பி, பாலிஷ் போட்டா வர்ற கலர் இப்பவே தெரியும்'' என்றார். இன்னொரு டிப்ஸ்: யானைத் தும்பிக்கை, மயில் கழுத்து மாதிரி ஒல்லியான பாகத்தை மர ரேகை ஓடுற திசையிலேயே வரையணும். குறுக்கே வரைஞ்சா பட்டுனு உடைஞ்சிடும்.

பேசிட்டே இருந்தவருக்குத் திடீர்னு இருமல். நிக்கவே இல்லை. ''நாப்பது வருஷமா கூடவே இருக்கு'' என்று சிரித்தார். காலடியில் மஞ்சளும் பழுப்புமா மரத்தூள் குவியல்.

எனக்குச் சுருக்குனுச்சு. வீட்டுல ஈட்டித் துண்டு வெட்டின ரெண்டு நாளும் எனக்கு மூக்கு ஒழுகுச்சு. ஜலதோஷம்னு விட்டுட்டேன். மரத்துக்குக் கலரும் வாசனையும் தர்ற ரசாயனங்கள்லயே சிலது மூக்கையும் தோலையும் பதம் பார்க்கும். ஈட்டி, தேக்கு ரெண்டுமே அந்த லிஸ்ட்ல உண்டு. மரத்தூளை வருஷக்கணக்கா சுவாசிச்சா மூக்குப் பகுதியில் புற்றுநோய் வரலாம்னு, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே அதை முதல் பிரிவில் சேர்த்திருக்கு.

நம்ம மெஷின்ல ஒரு காமெடி கவனிச்சீங்களா? கோடு தெளிவா தெரியணும்னு ஒரு குட்டிக் குழாய் தூளை ஊதித் தள்ளும். அந்தத் தூள் பறக்கறது நம்ம மூக்குக்கு நேரா! அதனால பிளேடு பக்கத்துலயே வேக்குவம் குழாயை வையுங்க. கைக்குட்டை கட்டினா நைஸ் தூள் நிக்காது, முகத்தோட ஒட்டி உட்கார்ற என்-95 மாஸ்க் போடுங்க. முடிச்சதும் துடைப்பம் வேணாம், ஈரத்துணியால துடைங்க. அந்தச் சட்டையோட கட்டில்ல விழாதீங்க.

கிளம்பும்போது பையில் இருந்த புது மாஸ்க்கைப் பெரியவர்கிட்ட நீட்டினேன். வாங்கிப் பார்த்துட்டு, என் கையிலேயே திருப்பி வெச்சார்.

''நீ போடு தம்பி. உனக்குத்தான் இன்னும் நாப்பது வருஷம் இருக்கு!''

விடலையே நான்... அவர் மேஜையிலேயே வெச்சிட்டு வந்துட்டேன். நீங்களும் மெஷின் ஸ்விட்ச்சைத் தொடறதுக்கு முன்னாடி மாஸ்க்கைத் தொடுங்க பாஸ்!