ஐந்தரை கிலோ

ஒரு துப்பாக்கிக்குப் பட்ஜெட் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "என்னா, எதும் பிரச்சனையா?" என்று கேட்கிறார்கள். சிரம்பான் பக்கத்துத் தமிழ்ப் பெண், துப்பாக்கி என்று சேர்த்துச் சொன்னால் யாருக்கும் விளையாட்டு ஞாபகத்துக்கு வருவதில்லை. பத்திரிகையில் படித்த கேங் கதைதான் வருகிறது.

நான் சொல்வது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி. நின்றபடி, 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். குண்டு 4.5 மில்லிமீட்டர் ஈயம். இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர், இந்த வாக்கியத்தின் கடைசியில் இருக்கும் முற்றுப்புள்ளி அளவு. குண்டு அதை உரசினாலே பத்து கிடைத்துவிடும். ஆனால் இப்போது மின்னணு இலக்கு தசமத்தில் கணக்குப் போடுகிறது. 10.9 வேண்டுமென்றால் குண்டின் மையம் புள்ளியின் மையத்திலிருந்து கால் மில்லிமீட்டருக்குமேல் விலகக்கூடாது. துப்பாக்கியின் எடை ஐந்தரை கிலோவைத் தாண்டக்கூடாது.

பல்கலைக்கழகத்தில் பலாப்பேஸ் பயிற்சியில்தான் முதலில் துப்பாக்கியைத் தொட்டேன். அது ராணுவத் துப்பாக்கி. சத்தமும் தோளில் விழும் உதையும் எனக்குப் பிடிக்கவில்லை. சுடுவதற்கு முன்னால் மூச்சு அடங்கி நிற்கும் ஏழெட்டு விநாடி மட்டும் பிடித்துப் போனது. வேலை கிடைத்த பிறகு ஒரு கிளப்பில் சேர்ந்தேன். இரண்டு வருடமாக அங்குள்ள பொதுத் துப்பாக்கியில்தான் சுடுகிறேன். பலபேர் கன்னம் பட்டுப் பளபளத்துப்போன துப்பாக்கி அது.

எங்கள் வீட்டில் துப்பாக்கிக்கு ஒரே அர்த்தம்தான். தாத்தா ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் லயத்தைச் சுற்றிப் போட்ட முள்வேலி வரும், துரையின் இடுப்பில் தொங்கிய கைத்துப்பாக்கி வரும், ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் வருவார்கள். அதற்கும் முன்னால், 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம்மவர்கள்மீது படை சுட்டதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். தோட்டத்து மக்கள் துப்பாக்கியைப் பார்த்ததே அதன் வாய்ப் பக்கத்திலிருந்துதான். அவசரகாலம் முடிந்த 1960ஆம் வருடம்தான் ஆயுதச் சட்டத்தின் பெயரிலும் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் காற்றுத் துப்பாக்கியும் அடக்கம். அதனால் உரிமம் இல்லாமல் நான் அதைக் கையால் தொட முடியாது. வாங்கினாலும் அது கிளப்பின் பூட்டிய ஆயுத அறையில்தான் இருக்கும்.

"காசு குடுத்து வாங்குவ, ஆனா வூட்டுக்குக் கொண்டாரமாட்ட?" என்றார் அம்மா. பதில் சொல்லச் சிரமமான கேள்வி.

எக்செலில் முதல் வரிசை துப்பாக்கிதான். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ் என்று பேர் வாங்கியவை எல்லாம் ஜெர்மனிக்காரர்கள் செய்வது. நல்ல ஒன்று ஏறத்தாழ 3,600 யூரோ. யூரோவை ஐந்து ரிங்கிட் என்று வைத்தால் 18,000. 2013 ஜனவரியில் இந்த நாட்டில் முதன்முதலாகக் குறைந்தபட்ச ஊதியம் வந்தபோது தீபகற்பத்தில் அது மாதம் 900 ரிங்கிட். ஆக, அன்றைய கணக்கில் ஒரு மனிதர் சாப்பிடாமல் உடுத்தாமல் உழைத்தால் 20 மாதக் கூலி. இந்த வகுத்தலை நான் செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு எந்த விலையைப் பார்த்தாலும் கை தானாகக் கூலியால் வகுக்கப் போகும்.

அதற்குக் கீழேதான் உண்மையான செலவு ஆரம்பிக்கிறது. சுடும்போது போட்டுக்கொள்ளும் விறைப்பான ஜாக்கெட்டும் கால்சட்டையும் அளவெடுத்துத் தைத்தால் 4,000. காலணி 800. கையுறை, கண்மறைப்பு 400. பெட்டியும் கருவிகளும் 800. காற்று உருளையை 200 பார் அழுத்தத்தில் நிரப்ப, முக்குளிப்பவர்கள் முதுகில் மாட்டும் பெரிய தொட்டி ஒன்றும் இணைப்புகளும் 1,200. குண்டு 500 கொண்ட டப்பா 70 ரிங்கிட். வாரத்துக்கு 500 சுட்டால் வருடத்துக்கு 52 டப்பா, 3,640. செனவாங்கிலிருந்து சுபாங் சுடுதளத்துக்கு வாரம் இரண்டு தடவை போய்வர பெட்ரோலும் டோலும் 3,500. கிளப், போட்டிக் கட்டணம் 1,500. முதல் வருடத்துக்கு மொத்தம் 33,840 ரிங்கிட். இதில் துப்பாக்கியின் பங்கு பாதிக்குச் சற்று மேல்தான்.

இந்த விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒருமுகம், தியானம் என்றெல்லாம் சொல்கிறார்கள். இந்தப் பட்டியலைப் பார்த்தால் எனக்குத் தியானம் தெரியவில்லை. மாதா மாதம் போகும் 3,640இன் துண்டுதான் தெரிகிறது. துப்பாக்கியை ஒரு தடவை எப்படியாவது வாங்கிவிடலாம். அதற்குத் தீனி போடுவதுதான் கஷ்டம்.

உடம்புக்கு ஏற்றபடி அமைப்பது என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். குழலில் நாம் கை வைக்க ஒன்றுமில்லை. தொழிற்சாலையிலேயே சோதித்து, சுட்ட அட்டையையும் சேர்த்து அனுப்புகிறார்கள். பிடியில் கட்டிப்போட்டுச் சுட்டால் எல்லாக் குண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டைக்குள் போகும். மாற வேண்டியது மனித உடம்பைத் தொடும் இடங்கள்: தோளில் பதியும் அடித்தகடு, கன்னம் சாயும் பலகை, கைப்பிடி, இடது கை தாங்கும் உயரக் கட்டை. நிற்கும்போது எடையைத் தசை தூக்கக்கூடாது. இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றி, எலும்புதான் தூக்க வேண்டும். நான் 152 சென்டிமீட்டர் உயரம். பொதுத் துப்பாக்கியில் என் கன்னம் பலகைக்குப் போய்ச் சேர்வதற்குள் கழுத்து நீள்கிறது. அறுபதில் நாற்பதாவது குண்டுக்குப் பிறகு கழுத்து நடுங்க ஆரம்பிக்கும், புள்ளிகள் வலப்பக்கம் சரியும்.

என் வேலை தரக் கட்டுப்பாடு. அலுமினியப் பாகங்களைப் பத்து மைக்ரோன் வரைக்கும் அளந்து பார்ப்பதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். அந்த அடித்தகட்டையும் உயரக் கட்டையையும் ஒரு சனிக்கிழமையில் வரைந்து, நல்ல மெஷினிஸ்ட் ஒருவரை வைத்து 300 ரிங்கிட்டுக்குள் முடித்துவிடலாம். பட்ஜெட்டில் நான் மிகவும் ஆசையாக எழுதிய வரிசை அது. ஆனால் ஆயுதத்தின் உறுப்பும் சட்டத்தில் ஆயுதம்தான். அனுமதி இல்லாமல் ஆயுதம் தயாரிப்பது குற்றம். தோள் தகடு உறுப்பா, இல்லை வெறும் அலுமினியத் துண்டா என்று நீதிமன்றத்தில் வாதாடிப் பார்க்க எனக்கு ஆசையில்லை. வரிசையை அழித்துவிட்டு, ஜெர்மன் தகட்டின் விலையைப் போட்டேன். என் கையால் செய்யக்கூடிய ஒரே பாகத்துக்கும் யூரோவில் காசு கட்ட வேண்டியிருக்கிறது.

இதை அம்மாவிடம் புலம்பியபோதுதான் அவருடைய பால் வெட்டும் கத்தியைப் பற்றிச் சொன்னார். தோட்டம் செம்பனைக்கு மாறும்வரை அம்மா பால் மரம் வெட்டியவர். கத்தி எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுப்பார்கள். முதல் வாரத்திலேயே அவரவர் அதைத் தன் கைக்கு மாற்றிவிடுவார்களாம். அம்மா பிடியைச் செதுக்கி இளைத்து, பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றியிருக்கிறார். வளைவைத் தன் மணிக்கட்டுக்கு ஏற்றபடி தீட்டியிருக்கிறார். "அடுத்தவங்க கத்திய எடுத்தா நாலாவது மரத்துலயே காயம் போட்டுருவேன்" என்றார்.

பால் குழாய்கள் அதிகம் இருப்பது பட்டையின் உள்பக்கத்தில், வளரும் திசுவை ஒட்டி. அந்தத் திசுவில் கத்தி பட்டால் மரம் புண்ணாகி முண்டு விழும், மண்டோரிடம் ஏச்சு விழும். பயந்து மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஆகவே ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும், அதுவும் விடியுமுன், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு நிரைக்கு ஐந்நூறு மரத்துக்குமேல். எனக்கு அறுபது குண்டுக்கு எழுபத்தைந்து நிமிடம் கொடுக்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வரும்? சேமநிதியின் மூன்றாம் கணக்கை 2024இல் திறந்துவிட்டதிலிருந்து அலுவலகத்தில் பாதிப்பேர் அதைக் காலி செய்துவிட்டார்கள். நான் தொடவில்லை. அம்மா இருபது பேர் சேர்ந்த கூத்து ஒன்றில் இருக்கிறார். மாதம் 500, அவர் முறைக்கு 10,000 வரும். (கூத்து நடத்துவதைத் தடை செய்த சட்டமும் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய சட்டமும் ஒரே வருடம், 1971இல் வந்தவை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் இரண்டும் சந்தித்திருக்கும்.) அந்தப் பத்தாயிரம் எனக்கு நகை எடுக்க. எனக்கு இருபத்தெட்டு ஆகிறது என்பது அம்மாவுக்குத் தினமும் ஞாபகம் வரும்.

"சங்கிலி எடுத்தா கழுத்துல கெடக்கும். கஷ்டம்னா அடகுக்கடைக்குப் போவும். உன் துப்பாக்கிய அடகு வைக்க முடியுமா?"

முடியாது. உரிமம் உள்ள இன்னொருவருக்குத்தான் விற்க முடியும், அதுவும் போலீசின் அனுமதியோடு. என் அட்டவணையில் 'மறுவிற்பனை மதிப்பு' என்று ஒரு பத்தி கிடையாது. அம்மாவின் மனக்கணக்கில் முதல் பத்தியே அதுதான். அப்பா மருத்துவமனையில் இருந்தபோதும், என் பல்கலைக்கழகப் பதிவுக்கும், அவருடைய இரண்டு வளையல் அடகுக்கடைக்குப் போய்த் திரும்பின. திரும்பாத பொருளில் அம்மா காசு போட்டதே இல்லை.

இளவேனில் வாலறிவனின் காணொளியைக் காட்டினேன். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். 2019இல் ரியோ உலகக் கோப்பையில் இதே 10 மீட்டரில் தங்கம் வாங்கினார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டுக்கும் போனார், இரண்டிலும் இறுதிச் சுற்று கிடைக்கவில்லை. அம்மாவுக்குத் தங்கமும் தோல்வியும் பெரிதாகப் படவில்லை. பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "தமிழ்ப் புள்ளையா? சட்ட ஏன் இப்படி பலக மாதிரி நிக்குது?" என்று மட்டும் கேட்டார். அதற்கென்றே விதி இருக்கிறது, துணி இரண்டரை மில்லிமீட்டருக்குமேல் தடித்தால் போட்டியில் விடமாட்டார்கள் என்று சொன்னேன். தோட்டத்தில் பாதி லயத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவருக்கு அது பிடித்துப்போனது.

கூத்துப் பணத்தை நான் கேட்கவில்லை. அட்டவணையைத் திருப்பிப் போட்டேன். இந்த வருடம் ஜாக்கெட், கால்சட்டை, காலணி, குண்டு. துப்பாக்கிக்கு மாதம் 600, முப்பது மாதம். அதுவரை கிளப் துப்பாக்கி. பயிற்றுநரும் அதைத்தான் சொன்னார்: உடம்பு நிலைக்காமல் நல்ல துப்பாக்கி வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு.

தையல்காரர் அனுப்பிய படிவத்தில் இருபதுக்கும் மேல் அளவுகள். கை தூக்கிய நிலையில் கழுத்திலிருந்து முழங்கை, அக்குளிலிருந்து இடுப்பெலும்பு என்று என்னென்னவோ. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாயில் பென்சிலைக் கடித்தபடி டேப்பைப் பிடித்தார். நான் இல்லாத துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நின்றேன்.

"ரெண்டு இஞ்சி லூசு வைக்கவா?"

"வேணாம்மா. ஒட்டித்தான் இருக்கணும்."

"மூச்சு விட வேணாமா?"

சுடும்போது விடமாட்டோம் என்றேன். நம்பாமல் பார்த்தார். மார்பளவுக்கு நேரே நான் பார்க்கிறபோது ஒரு எண்ணை எழுதினார். பிறகு படிவத்தை ஸ்கேன் செய்ய எடுத்தபோதுதான் கவனித்தேன், அதை அடித்துவிட்டு ஒரு சென்டிமீட்டர் கூட்டி எழுதியிருந்தார்.