ஹால்டிங் யார் கணக்கு?

எம்மன்புரூக்கே,
சுவிட்சர்லாந்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஏரியும் பனிமலையும் பற்றி எழுதுவேன் என்று பார்த்திருப்பாய். அதெல்லாம் பக்கத்தில் லூசெர்னில் இருக்கிறது. நான் தங்கியிருக்கும் எம்மன்புரூக்கேயில் படம் பிடிக்க யாரும் இறங்குவதில்லை. சின்ன எம்மே ஆறு ராய்ஸ் ஆற்றில் கலக்கும் இடத்தில் வளர்ந்த ஆலை ஊர் இது. 1906-ல் தொடங்கிய செயற்கைப் பட்டு ஆலையின் கட்டடங்களில் இப்போது ஓவியக் கல்லூரி நடக்கிறது. இரும்பாலை மட்டும் விடாமல் பழைய இரும்பை உருக்கிக்கொண்டிருக்கிறது. முதலில் இத்தாலிக்காரர்கள் கூலிக்கு வந்தார்கள். பிறகு பல நாட்டுக்காரர்கள், அவர்களோடு ஈழத் தமிழர்களும். ஊரை ஒட்டி ஏ2 நெடுஞ்சாலை ஓடுகிறது. வடக்கே போனால் பாசெல், தெற்கே கோட்டார்டு சுரங்கப்பாதையைத் தாண்டினால் இத்தாலிப் பக்கம். லாரிகளின் ஊரான சங்ககிரியிலிருந்து வந்தவன் கண்ணுக்கு இங்கே பார்க்க நிறைய இருக்கிறது.

உன் பையன் ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டான், மாதச் சம்பளத்துக்குப் போகட்டுமா, வாடகையில் சதவீதம் பேசட்டுமா என்று கேட்டிருந்தாய். நல்ல நேரத்தில் கேட்டாய். நான் தங்கியிருக்கும் வீட்டுப் பையனும் லாரி டிரைவர்தான். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவியவர். மகன் இங்கேயே பிறந்தவன். இரண்டு கம்பெனிகளிலிருந்து அவனுக்கு வேலை வந்திருக்கிறது. இரண்டு ஒப்பந்தத் தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருக்கிறான்.

நம்மூர்ப் பழக்கத்தில், கிலோமீட்டருக்கு எவ்வளவு தருவார்கள் என்று கேட்டேன். அப்பா சிரித்துவிட்டார். “இஞ்ச அப்பிடிக் குடுக்கேலாது அண்ணை, சட்டம் விடாது” என்றார். உண்மைதான். 1995-ல் வந்த டிரைவர் வேலைநேர விதியில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது: ஓடிய தூரத்தையோ ஏற்றிய சரக்கின் அளவையோ வைத்து, சம்பளத்துக்கு ஓட்டுபவனுக்குக் கூலி கணக்கிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதியும் இதையே சொல்கிறது, ஆனால் ‘சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில் இருந்தால்’ என்று ஒரு கொக்கி அதில் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான தூர ஓட்டத்துக்குக் கூலி மைல் கணக்கில்தான். 1938-ல் அங்கே ஓவர்டைம் சட்டம் வந்தபோதே, மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டும் டிரைவர்களுக்கு அது கிடையாது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஏன் தூரத்துக்குக் கூலி கூடாது என்றால், வேகம் ஒரு காரணம்; அது எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. கோட்டார்டு சுரங்கப்பாதைக்குள் 2001 அக்டோபரில் இரண்டு லாரிகள் மோதித் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். அதன் பிறகு லாரிகளை இடைவெளி விட்டு, எண்ணித்தான் உள்ளே விடுகிறார்கள். வரிசை நீண்டால் வழியிலேயே நிறுத்திவைப்பார்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 5 வரை நாடு முழுக்க லாரி ஓடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையும் கூடாது. நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு கட்டாயம். இப்படிப்பட்ட நாட்டில் ஒருவனுக்குக் கிலோமீட்டர் கூலி பேசினால், சக்கரம் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் அவன் பாக்கெட்டிலிருந்துதான் போகும். சுரங்கப்பாதை வாசலில் வரிசை நின்றது அவன் தப்பா? கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் சாப்பிடப் போனது அவன் தப்பா? சம்பளம் பேசும்போது உண்மையில் பேசுவது இதைத்தான் மாப்ள: வண்டி சும்மா நிற்கும் நேரம் யார் தலையில்?

அதற்காக மாதச் சம்பளம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம் என்றில்லை. பையன் வைத்திருந்த தாள்களையே எடுத்துக்கொள். ஒன்று மாதச் சம்பளம். இன்னொன்று ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக மணிக் கூலி. மணிக் கூலித் தாளில் எண் கொழுத்துத் தெரிந்தது. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். அந்த எண்ணுக்குள்ளேயே விடுமுறைப் பணமும் அடக்கம். இங்கே வருடம் நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு; மணிக் கூலிக்காரனுக்கு அதை 8.33 சதவீதமாகக் கூலியோடு சேர்த்துவிடுகிறார்கள். விடுப்பில் போகும் மாதம் கையில் ஒன்றும் வராது. பதின்மூன்றாம் மாதச் சம்பளம் என்று ஒன்றும் உண்டு, நம் தீபாவளி போனஸுக்கு இங்கத்திய அண்ணன். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, வழக்கத்தில் இருக்கிறது. அதையும் மணிக்குள் திணிப்பார்கள். ஒரு கணக்குக்கு அடிப்படை 30 பிராங்கு என்று வை. இரண்டையும் சேர்த்தால் 35 பிராங்கைத் தாண்டிவிடும். அந்த 35-ஐப் பார்த்து மயங்கினால் போச்சு. அதேபோல 5,800 பிராங்கு 12 மாதமா, 5,400 பிராங்கு 13 மாதமா என்றால், வருடக் கணக்கில் இரண்டாவதே 600 பிராங்கு கூடுதல்.

இன்னொரு பொறி பேட்டா. ‘ஷ்பேசன்’ என்கிறார்கள், வெளியே சாப்பிட, வண்டியில் தங்க ஆகும் செலவுக்கானது. சில முதலாளிகள் சம்பளத்தைக் குறைத்து இதைக் கூட்டிக் காட்டுவார்களாம். வரி பிடிக்காத பணம், கைக்கு நிறைய வருகிறது என்று புதுப் பையன்களுக்குச் சந்தோஷம். விபத்தில் கால் முறிந்தால் காப்பீட்டிலிருந்து சம்பளத்தில் 80 சதவீதம் வரும். எந்தச் சம்பளத்தில்? தாளில் உள்ள சம்பளத்தில்; பேட்டா அதில் சேராது. முதுமைப் பென்ஷனும் அப்படித்தான். “நாப்பது வயசில ஆரும் பென்ஷனை நினைக்கிறேல்லை, நானும் நினைக்கேல்லை” என்றார் அப்பா. மகனுக்கு அது உறைத்ததா தெரியவில்லை.

ஓவர்டைமுக்கு 25 சதவீதம் கூட்டித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் எழுத்தில் ஒத்துக்கொண்டால் விட்டுக்கொடுக்கலாம். அந்த ஒரு வரி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது! பெரிய லைசென்ஸ் எடுக்கும் செலவைக் கம்பெனி தரும், பதிலுக்கு இத்தனை வருடம் வேலையை விடக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. நம்மூரில் அட்வான்ஸ் வாங்கிய டிரைவர் அடுத்த முதலாளியிடம் போக முடியாமல் நிற்பானே, அதே கதை, கொஞ்சம் இஸ்திரி போட்டு.

வண்டியில் டாக்கோகிராஃப் என்று ஒரு கருவி. ஸ்டியரிங் படம் ஓட்டும் நேரம், சுத்தியல் படம் மற்ற வேலை, கட்டில் படம் ஓய்வு. சரக்கு இறக்கும்போதும் கட்டிலை அழுத்தச் சொல்லும் இடங்கள் உண்டு என்றான் பையன். அழுத்தினால் கூலியும் போகும், அகப்பட்டால் அபராதமும் வரும். வேலைக்குச் சேருமுன் அங்கே ஓட்டும் டிரைவர் ஒருவரிடம் இதை மட்டும் கேட்டால் போதும், முதலாளி யாரென்று தெரிந்துவிடும் என்பது அவன் கட்சி.

உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். வாடகையில் சதவீதம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். இருபது வருடம் ஓட்டிய உன் பழைய டிரைவருக்கு எந்த ஊரில் ரிட்டர்ன் லோடு கிடைக்கும், எந்தக் கிடங்கில் சீக்கிரம் இறக்குவார்கள் என்று தெரியும். அவருக்கு அதில் லாபம். புதுசாக ஏறுபவனுக்கு ரிவர்ஸ் எடுக்கவே அரை மணி ஆகும். வழி தெரியாது, பேரம் தெரியாது. செக்போஸ்ட் மாமூலும் லோடுமேன் கூலியும் டிரிப்பு பணத்திலிருந்தே போனால், மிஞ்சுவதைப் பிடிக்க ராத்திரி முழுக்க ஓட்டுவான். கற்றுக்கொள்ளும் காலத்துக்கு அவனே கூலி கட்டுவது போல் ஆகும். முதல் இரண்டு வருடம் மாதச் சம்பளமும் தனியாகப் படியும் பேசச் சொல். வழிச் செலவுக்குத் தனிக் கணக்கு வேண்டும், சம்பளத்தோடு கலக்கக் கூடாது. அட்வான்ஸ் வேண்டாம்.

சட்டம் காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டிருக்கவும் வேண்டாம். 1961-லேயே மோட்டார் தொழிலாளர் சட்டம் போட்டு நாளுக்கு 8 மணி நேரம் என்றார்கள். ஐந்து தொழிலாளர்களாவது உள்ள இடத்துக்குத்தான் அது இருந்தது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருந்தவர்கள் அதற்கு வெளியேதான் இருந்தார்கள்.

உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோபப்படாதே. சிமெண்ட் ஆலை வாசலில் உன் வண்டி இரண்டு நாள் நின்றால் பார்ட்டியிடம் ஹால்டிங் பணம் கேட்டு வாங்குகிறாய். அந்த இரண்டு நாளும் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த டிரைவருக்கு அதில் எவ்வளவு கொடுக்கிறாய்? பையனுக்கு முதலாளி பார்க்கப் போகுமுன் எனக்கு இதற்கு மட்டும் பதில் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்