ரெண்டு மலை... ஒரு கயிறு!

அரக்கோணம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 'ரயில் கொஞ்ச நேரம் நிக்கும், இறங்கி டீ குடிக்கலாம்.' அவ்வளவுதானே? கொஞ்சம் விவரமான ஆளா இருந்தா, கடற்படையோட ராஜாளி விமான தளத்தைச் சொல்வீங்க. ஆனா பாஸ், இந்த ஜங்ஷனில் இறங்கி பஸ் பிடிச்சா ஒரே நாளில் முடிக்கிற மாதிரி அட்டகாசமான மலை ரூட் ஒண்ணு இருக்கு. வடக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் திருத்தணி. மேற்கே முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் சோளிங்கர்.

திருத்தணி உங்களுக்கே தெரியும். 365 படி, வருஷத்துக்கு ஒரு நாள் கணக்கு! ஆந்திராவில் இருந்த இந்த ஊர் 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் நம்ம மாநிலத்தோட சேர்ந்தது. அதுக்காக ம.பொ.சி. நடத்தின போராட்டத்தை ஸ்கூலில் படிச்சிருப்பீங்க. இங்கே மலை உச்சி வரைக்கும் ரோடு இருக்கு. கால் முடியாதவங்க வண்டியிலேயே மேலே போயிடலாம். பிரச்னை ஓவர்!

சோளிங்கர் கதை அப்படி இல்லை. இங்கே மலையே ரெண்டு. பெரிய மலையில் யோக நரசிம்மர், 1305 படி. பக்கத்துலயே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர், 406 படி. நாலு கையோட, சங்கு சக்கரம் பிடிச்சு, நரசிம்மர் பக்கமே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார். இது 108 திவ்ய தேசங்களில் ஒண்ணு. பழைய பேரு திருக்கடிகை. கடிகைன்னா ஒரு நாழிகை, அதாவது 24 நிமிஷம். இங்கே ஒரு நாழிகை இருந்தாலே போதும், மோட்சம்னு ஐதீகம். ஒரு நாழிகை இருக்கிறது ஈஸி. அங்கே ஏறிப் போறதுதான் கஷ்டம்!

எவ்வளவு கஷ்டம்? பெரிய மலை சுமார் 750 அடி உயரம். ஒரு மாடிக்குப் பத்து அடின்னு வெச்சுக்கிட்டா, லிஃப்ட் இல்லாத 75 மாடிக் கட்டடம்! நம்ம ஹாஸ்டலில் மூணாவது மாடிக்கே மூச்சு வாங்குறவங்க இருக்காங்க. பல வருஷமா வயசானவங்க, உடம்புக்கு முடியாதவங்களுக்கு இருந்த ஒரே வழி டோலி. நாலு பேர் தோளில் உட்கார்ந்து போகணும். அதுக்கும் வசதி இல்லாதவங்க, கீழே கொண்டபாளையத்தில் நின்னே கும்பிட்டுட்டுத் திரும்பிடுவாங்க.

2024 மார்ச்சில் அந்த நிலைமை மாறிச்சு. பல வருஷ இழுபறிக்கு அப்புறம் பெரிய மலைக்கு ரோப்கார் வந்துச்சு. ஒரு மணி நேரம் மூச்சு வாங்கி ஏறின தூரத்தை இப்போ சில நிமிஷத்தில் கடந்துடலாம். காலுக்குக் கீழே பாறை, பக்கத்துல குரங்கு, தூரத்துல குளம்... செம வியூ!

எங்க பாட்டி கல்யாணமான புதுசுல ரெண்டு மலையும் ஏறினவங்க. முட்டி தேஞ்சு போனதுல இருபது வருஷமா வரவே இல்லை. ரோப்கார் வந்த பிறகு கூட்டிட்டுப் போனோம். நரசிம்மரைப் பார்த்து அழுதே விட்டாங்க. கீழே வந்ததும் அவங்க கேட்ட முதல் கேள்வி, 'ஆஞ்சநேயர்?' அங்கே 406 படி. அடிவாரத்துல உட்கார வெச்சுட்டு நாங்க மட்டும் ஏறிட்டு வந்தோம். சோளிங்கர் வர்றவங்களுக்கு ரெண்டு மலையும் சேர்ந்ததுதான் ஒரு தரிசனம். 2024-ல வந்த கயிறு அதுல ஒரு மலைக்கு மட்டும்தான்.

அப்போ ரெண்டு மலையையும் கயிறு கட்டி இணைச்சா என்ன? மெக்கானிக்கல் படிக்கிற மூளை சும்மா இருக்குமா!

கனடாவில் இதை ஏற்கெனவே செஞ்சுட்டாங்க. அங்கே விஸ்லர், பிளாக்கோம்ப்னு பக்கத்துப் பக்கத்து மலைகள். ரெண்டிலும் பனிச்சறுக்கு விளையாட்டு. விஸ்லர் 1966-லயும் பிளாக்கோம்ப் 1980-லயும் தொடங்கி, ஒண்ணுக்கொண்ணு போட்டியா இருந்தது. 1997-ல ரெண்டும் ஒரே நிர்வாகத்துக்குக் கீழே வந்துடுச்சு. ஆனாலும் ஒரு மலையில் இருந்து இன்னொண்ணுக்குப் போகணும்னா அடிவாரம் வரைக்கும் இறங்கி, திரும்ப ஏறணும். அப்படியே நம்ம சோளிங்கர் சீன்தான்! 2008 டிசம்பரில் உச்சிக்கு உச்சி கயிறு போட்டாங்க. மொத்தம் 4.4 கிலோமீட்டர். நடுவுல ஒரு இடத்துல 3 கிலோமீட்டருக்கு ஒரு தூண்கூட கிடையாது. பள்ளத்தாக்குல இருந்து 436 மீட்டர் உயரத்துல பெட்டி போகுது. 28 பெட்டி, ஒவ்வொண்ணுலயும் 28 பேர், 11 நிமிஷப் பயணம். தலை சுத்துதா?

இந்த டெக்னாலஜியோட பூர்வீகம் இன்னும் ஜாலி. உலகத்தின் முதல் சேர்லிஃப்ட் 1936-ல அமெரிக்காவின் சன் வேலியில் வந்தது. அதை யோசிச்சவர் ஜேம்ஸ் கர்ரன், ஒரு ரயில்வே கம்பெனி இன்ஜினீயர். அதுக்கு முன்னாடி அவர் கப்பலில் வாழைத்தார் ஏத்துறதுக்குக் கொக்கி மாட்டின கயிறு டிசைன் பண்ணியிருந்தார். வாழைத்தாருக்குப் பதிலா மனுஷன் உட்கார ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டார். அவ்வளவுதான் மேட்டர்!

அடுத்த பெரிய முன்னேற்றம், கயிறைப் பிடிக்கிற 'கிரிப்'. சாதாரண ரோப்காரில் பெட்டி கயிறோட நிரந்தரமா இறுக்கப்பட்டிருக்கும். ஒரு பாட்டி ஏறணும்னா கயிறு மெதுவாகணும் இல்லை நிக்கணும். கயிறு நின்னா நடுவானத்துல இருக்கிறவங்களும் நிக்கணும். இன்னொரு வகையில், ஸ்டேஷனுக்குள் வந்ததும் கிரிப் கயிறை விட்டுடும். பெட்டி ஆமை மாதிரி நகரும், கயிறு அதுபாட்டுக்கு முழு வேகத்தில் ஓடும். ஆள் ஏறினதும் கிரிப் திரும்பக் கவ்விக்கும். நாலு பேர் உட்காரும் இந்த வகை அதிவேக சேர்லிஃப்ட் 1981-ல அமெரிக்காவின் பிரெக்கன்ரிட்ஜில் ஓட ஆரம்பிச்சது. பழைய சேர்லிஃப்ட் நொடிக்கு இரண்டரை மீட்டர் போனால், இது ஐந்து மீட்டர். வேகமும் டபுள், ஏறுறதும் நிதானம். வயசானவங்க அதிகம் வர்ற நம்ம கோயில்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எது? ஆனா செலவும் பராமரிப்பும் எகிறும்.

நம்ம ஊரிலும் இணைப்பு யோசனை புதுசு இல்லை. பழனியில் 1966-லயே விஞ்ச் வந்தாச்சு. 2004-ல ரோப்காரும் வந்துடுச்சு. பழனி மலையையும் பக்கத்து இடும்பன் மலையையும் ரோப்காரில் இணைக்கிற திட்டம் 2020-களின் தொடக்கத்திலேயே பேசப்பட்டது. இடும்பன் யாருன்னு தெரியும்ல? ரெண்டு மலையை ஒரே காவடியில் கட்டித் தூக்கிட்டு வந்தவர். நம்ம ஊரின் முதல் ரெண்டு மலை இணைப்பு அவர் தோளில்தான் நடந்திருக்கு!

ஜோக் போதும். கயிறுன்னா பயமும் சேர்ந்தே வரணும். 2007-ல பழனி ரோப்கார் விபத்துல பக்தர்கள் இறந்துபோனாங்க. 2022 ஏப்ரல் 10, ராமநவமி அன்னிக்கு ஜார்க்கண்டின் திரிகூட மலையில் பெட்டிகள் அந்தரத்தில் மாட்டி, விமானப்படை ஹெலிகாப்டர் வந்து மீட்கிற நிலைமை ஆச்சு. மூணு பேர் உயிரிழந்தாங்க. பண்டிகை நாள் கூட்டம், ஓய்வே இல்லாத மெஷின். எந்தக் கோயில் ரோப்காருக்கும் இதுதான் நிஜமான பரீட்சை. பழனியில் பராமரிப்புக்காக வருஷத்துல சில வாரம் ரோப்காரை நிறுத்தும்போது திட்டாதீங்க. அந்த நிறுத்தம்தான் உங்க உயிருக்கு கேரண்டி.

அதனால சோளிங்கரில் ரெண்டாவது கயிறு போடலாமான்னு கேட்டா, என் பதில்: போடலாம், ஆனா மூணு கேள்விக்குப் பதில் கிடைச்ச பிறகு.

ஒண்ணு, கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை. கார்த்திகை மாசம் நரசிம்மர் கண் திறந்து பார்க்கிறார்னு ஊரே திரளும். அந்தக் கூட்டத்தைத் தாங்குமா? பெரிய மலையில் இறங்குற கூட்டம் அப்படியே சின்ன மலை உச்சியில் போய்க் குவிஞ்சா, அங்கே நிக்க இடம் வேணுமே!

ரெண்டு, டோலி தூக்கினவங்க. தலைமுறையா தோள் கொடுத்தவங்களுக்குக் கயிறு வந்தால் என்ன வேலை? பெட்டியில் கைபிடிச்சு ஏத்தி விடுற வேலைக்கு அவங்களை விடப் பழக்கமான கை வேற யாருக்கு இருக்கும்?

மூணு, கீழே இருக்கிற வழி. சோளிங்கர் ரயில் நிலையம் இருக்கிறது பாணாவரத்தில். ஊருக்குள் வர இன்னும் பத்து கிலோமீட்டருக்கு மேல போகணும். அங்கிருந்து பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ, அப்புறம் கொண்டபாளையம். மலை மேலே சில நிமிஷம் மிச்சம் பண்ணிட்டு, கீழே ஒரு மணி நேரம் காத்திருந்தா என்ன லாபம்? ரெண்டு மலைக்கும் நடுவில், படியேற முடியாதவங்களுக்காக ஒரு மினி பஸ்ஸும் உட்கார நிழலும் இருந்தால், அதுவும் ஓர் இணைப்புதான். அதுக்கு 3 கிலோமீட்டர் கயிறெல்லாம் வேண்டாம்!

சரி, நீங்க எப்போ கிளம்புறீங்க? காலையில் சீக்கிரம் போயிடுங்க, வெயில் ஏறினா பாறை கொதிக்கும். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்கார் ஒரே செகண்டில் அபேஸ் பண்ணிடுவார். தண்ணி பாட்டில் பைக்குள்ளேயே இருக்கட்டும். முதல்ல பெரிய மலை, அப்புறம் சின்ன மலை. கூட்டம் பிடிக்காதவங்க கார்த்திகையைத் தவிர்த்துட்டு வாங்க.

கடைசியா ஒரு இன்ஜினீயரிங் டிப்ஸ். ரோப்காரின் கொள்ளளவைக் கூட்ட புது மோட்டார், புது கிரிப், புது பெட்டின்னு கோடிக்கணக்கில் செலவாகும். காசே செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. இருபது வயசுக் கால் இருக்கிற நாம படியில் ஏறிடணும். க்யூவில் நம்ம நாலு பேர் குறைஞ்சா, பின்னாடி நிக்கிற நாலு பாட்டிக்கு ஒரு பெட்டி முன்னாடியே கிடைக்கும். 1305 படிதானே மச்சி... ஏறிடலாம், வா!