மஞ்சள் சட்டையும் கணக்குத் தாளும்

2005 மே 13 அன்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சு, மூட வேண்டிய படைத்தளங்களின் பட்டியலை வெளியிட்டது. மேய்ன் மாநிலத்தின் கிட்டெரி ஊரில் 1800-இலிருந்து இயங்கிவரும் போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கப்பல் பட்டறையும் அதில் இருந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கேதான் பிழைப்பு. அந்தப் பட்டியலைப் பரிசீலிக்கும் ஆணையத்தினர் பட்டறையைப் பார்க்க வந்த நாளில், மஞ்சள் சட்டை போட்ட மக்கள் ஆயிரக்கணக்கில் சாலையோரம் திரண்டார்கள். ஆகஸ்ட் 24-இல் பட்டறையை மூடுவதில்லை என்று ஆணையம் வாக்களித்தது.

செய்திப் படத்தில் விழுவது மஞ்சள் சட்டைதான். ஊரைத் திரட்டிப் பழகியவர்களின் கண் வேறு இடத்துக்குப் போகும். ஆணையத்தின் முன் எட்டு அளவுகோல்கள் இருந்தன. முதல் நான்கும் ராணுவப் பயனைப் பற்றியவை, முன்னுரிமை அவற்றுக்கே. தளத்தை நம்பியிருக்கும் ஊரின் பொருளாதாரம் ஆறாவது. "எங்கள் பிள்ளைகுட்டிகள் என்ன ஆவார்கள்?" என்று மட்டும் கேட்டிருந்தால் போர்ட்ஸ்மவுத்காரர்களின் குரல் அந்த ஆறாவது வரியோடு நின்றிருக்கும். அவர்கள் அதற்கு முந்தைய வரிகளில் போய் உட்கார்ந்தார்கள். நீர்மூழ்கிகளைக் குறித்த நாளுக்கு முன்பே பழுதுபார்த்துக் கொடுக்கும் பட்டறை இது, மூடினால் மிச்சமாகும் என்று அமைச்சு போட்ட கணக்கு சரியில்லை என்று எண்களை வைத்தே வாதாடினார்கள். அமைச்சு தன் சொந்த அளவுகோலை விட்டு விலகியிருந்தால் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் ஆணையத்துக்கு இருந்தது. அந்த வாசலைத்தான் அவர்கள் தட்டினார்கள்.

இங்கே கோலாலம்பூரின் பங்சாரில் படைத்தளம் கிடையாது. பக்கத்தில் இருந்தது சுங்கை பெசி விமானத்தளம். 1965-இல் சுபாங் திறக்கும்வரை அதுதான் கோலாலம்பூரின் முதன்மை விமான நிலையம். பிறகு அந்த நிலம் 486 ஏக்கர் பண்டார் மலேசியா திட்டத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. விமானப்படை செண்டாயான் முதலிய தளங்களுக்கு இடம் மாறியது. பங்சாரின் குடியிருப்பாளர் சங்கங்களுக்கு வந்து சேரும் சண்டைகள் மரங்கள் நிற்கும் மேடு, விளையாட்டுத் திடல், அடுக்குமாடித் திட்டம் போன்றவற்றைப் பற்றியவை. ஊரைத் திரட்டும் வேலை மட்டும் கிட்டெரியில் நடந்ததேதான்.

ஞாயிறு இரவுச் சந்தையில் மேசை போட்டால் கையெழுத்து வேட்டை களைகட்டும். "அண்ணே, ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க" என்றால், கையில் அப்பம் பாலிக்கோடு நிற்பவரும் மறுக்க மாட்டார். புதிய குழு ‘பெயர், கையெழுத்து’ என்று இரண்டே கட்டம் போட்டு வாங்கிக் குவித்துவிடும். பழகிய குழுவின் தாளில் அடையாள அட்டை எண், முழு முகவரி, சொந்த வீடா வாடகையா, அந்த நிலத்தை ஒட்டிய வீடா என்று கட்டங்கள் நீளும்.

"நான் வாடகைக்குத்தானே இருக்கேன் தம்பி, போடலாமா?"

"போடுங்கக்கா. உங்களுக்குத் தனித் தாள்."

அந்தத் தனித் தாளில்தான் தொழில் இருக்கிறது. மாநகர் மன்ற ஆட்சேப விசாரணையில் பேச யாருக்கு உரிமை என்ற கேள்வி முதலில் வரும். அங்கே ஒட்டிய நிலத்துக்காரர் சிலரின் எழுத்து, ஊரெல்லாம் திரட்டிய கையெழுத்துக் கட்டைவிடக் கனம். வாடகைக்காரர்களின் தாள் வீணாகாது; அது ஒய்.பி.யிடம், அதாவது நாடாளுமன்ற உறுப்பினரிடம், கொடுக்கும் மகஜரோடு போகும். ஓட்டுக் கேட்பவருக்கு அந்தக் கணக்கு உடனே புரியும்.

தாமான் ரிம்பா கியாரா வழக்கு இதற்கு நல்ல பாடம். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள அந்தப் பொதுப் பூங்காவில் அடுக்குமாடிகள் கட்ட 2017-இல் அனுமதி கொடுக்கப்பட்டது. குடியிருப்பாளர்கள் 2018-இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2021-இல் மேல்முறையீட்டில் வென்றார்கள், 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றத்திலும் வென்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் வெறும் வழிகாட்டி அல்ல, மேயரான டத்தோ பண்டாரையும் அது கட்டும் என்பதே அதன் சாரம். பூங்கா அழகானது என்ற வாதம் ஊருக்கு உற்சாகம் கொடுத்தது. வழக்கைத் தூக்கி நிறுத்தியது மாநகரம் தானே வெளியிட்ட திட்டம்.

அதே நிலத்தில் இன்னொரு கதையும் உண்டு. புக்கிட் கியாரா தோட்டத்தில் வேலை செய்த நம்மவர்களின் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்திலிருந்து அங்கே நீண்ட வீடுகளில், நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தன. அவர்களுக்கான வீடுகளும் அந்த மேம்பாட்டுத் திட்டத்துக்குள் வந்தன. பூங்காவைக் காப்போம் என்ற முழக்கம் அந்த வீடுகளில் எப்படிக் கேட்டிருக்கும்? இருக்கும் இடத்திலேயே அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பதையும் கோரிக்கையில் சேர்க்காமல் இப்படி ஓர் இயக்கம் நகராது. ஊர் என்று சொல்லும்போது யார் யார் உள்ளே, யார் வெளியே என்று முதல் கூட்டத்திலேயே பேசிவிட வேண்டியிருக்கிறது.

எல்லாத் தளத்தையும் காப்பாற்ற முடியாது. 1968-இல் சிங்கப்பூருக்கு அதுதான் நேர்ந்தது. பிரிட்டிஷ் தளங்களை நம்பியே அந்நாட்டுப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருந்தது; செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். படை விலகும் தேதி 1971 மார்ச் என்று தெரிந்ததும் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ லண்டனுக்குப் பறந்தார். போகவே கூடாது என்று பிடிவாதம் பிடித்துப் பயனில்லை என்ற நிலையில் அவகாசம் கேட்டார். சனவரி 16-இல் பிரிட்டிஷ் பிரதமர் வில்சன் நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது தேதி 1971 கடைசிக்குத் தள்ளிப் போயிருந்தது. அதன்பின் 5 கோடி பவுன் உதவியும் கிடைத்தது. கடற்படைப் பட்டறை 1968-இலேயே செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறி, வணிகக் கப்பல்களுக்குக் கதவைத் திறந்தது.

ஆகவே அனுபவமுள்ள குழுக்கள் மகஜரோடு இரண்டாவது தாளையும் எழுதி வைத்துக்கொள்கின்றன: மூடித்தான் ஆக வேண்டுமென்றால் எந்தத் தேதிவரை, யாருக்கு மறுபயிற்சி, குடியிருப்பு வீடுகள் யாருக்கு, நிலம் யார் கைக்கு. அதை வெளியே காட்டினாலே தோல்வியை ஒப்புக்கொண்ட மாதிரி என்று செயற்குழுவில் பாதிப் பேர் குதிப்பார்கள். மாமாக் கடையில் தே தாரிக் ஆறும்வரை அந்தச் சண்டை ஓடும். லீ லண்டனில் பேசியது அறிவிப்பு வருவதற்கு முன்பு என்பதை யாராவது அப்போது நினைவுபடுத்துவார்கள். இரண்டாவது தாளை எந்த வாரம் நீட்டுவது என்று அதற்குப் பிறகுதான் பேச்சு திரும்பும்.