வெறுங்காது

ஜனவரி 12, ஞாயிறு

பெயர் சொல்லாமல்தான் பாஸ்டர் அறிவித்தார். உலக வேஷத்தோடு பிள்ளைக்குக் கல்யாணம் செய்துகொடுத்த குடும்பத்தார் இன்றைக்குத் திருவிருந்தில் கை நீட்ட வேண்டாம் என்றார். பெயருக்கு அவசியமே இல்லை. போன மாதம் சபையில் கல்யாணம் நடந்த வீடு எங்கள் வீடு ஒன்றுதான். எங்கள் சபையில் நகை கூடாது. மகள் கழுத்தில் மாமியார் போட்ட சங்கிலி, காதில் கம்மல், கையில் இரண்டு வளையல். மருமகன் வீட்டார் பழைய சபைக்காரர்கள். அவர்கள் கோவிலில், அவர்கள் முறைப்படி நடந்த கல்யாணம்.

அப்பத் தட்டு எங்கள் வரிசைக்கு வந்தது. பக்கத்தில் இருந்த சிஸ்டர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, தட்டை என் மடிக்கு மேலாக நீட்டி அடுத்தவருக்குக் கொடுத்தார். தட்டின் அடிப்பக்கத்தில் ஒரு நசுங்கல். இத்தனை வருஷம் அந்தத் தட்டிலிருந்து எடுத்திருக்கிறேன், அடிப்பக்கத்தைப் பார்த்ததில்லை.

தூக்கம் வரவில்லை. மருந்துக் கம்பெனிக்காரர் வார்டில் கொடுத்த டைரி அலமாரியில் கிடந்தது. யாரிடமும் பேச முடியாததால் இதில் எழுதுகிறேன்.

ஜனவரி 13

என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. வாழைக்குலை ஏலத்துக்கு நாலு மணிக்கே போய்விட்டார்.

ஜனவரி 14

பக்கத்து வீட்டு அக்கா வழக்கம்போல் தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். “சூடா இருக்கும்போதே சாப்பிடு பிள்ள” என்றாள். எங்கள் வீட்டு வழக்கம் வேறு. வாங்கி, நன்றி சொல்லி, கடையில் சுமை தூக்கும் பையன்களுக்குக் கொடுத்துவிடுவோம். படைத்ததைத் தொடக் கூடாது என்பது சபையின் போதனை.

இன்றைக்கு நடைப்படியில் உட்கார்ந்து, அவள் முன்னாலேயே சாப்பிட்டேன். நெய்யும் ஏலக்காயும் அடியில் லேசாகப் பிடித்த வாசனையும். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் மகனுக்குப் பெண் பார்க்கும் கதையைத் தொடங்கினாள்.

இதைத்தானே பவுல் கொரிந்து சபைக்கு எழுதினான்? விக்கிரகம் ஒன்றுமில்லை. அவிசுவாசி ஒருவன் உன்னை விருந்துக்குக் கூப்பிட்டால் வைத்ததைச் சாப்பிடு, எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காதே. ஆனால் அதே மூச்சில், என் சாப்பாடு பலவீனமான சகோதரனை இடறச் செய்யுமானால் நான் இறைச்சியே தொடமாட்டேன் என்றும் சொல்கிறான். எங்கள் சபையில் இரண்டாவது பாதியை மட்டும் பிரசங்கிப்பார்கள். இடறுகிறவன் யார் என்று கேட்டால் எல்லா விரலும் மூத்த விசுவாசிகள் பக்கம்தான் நீளும். முப்பது வருஷம் வேதம் படித்தவர்கள் இன்னும் பலவீனமான சகோதரர்களா?

ஜனவரி 23

வடசேரி திருப்பத்தில் அவருடைய பைக் சறுக்கியது. முழங்காலில் ஆறு தையல். எலும்புக்கு ஒன்றுமில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கேஷுவாலிட்டியிலிருந்து போன் வந்தபோது எனக்குள் முதலில் எழுந்த வார்த்தை: ‘தண்டனை’. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும். யாரும் சொல்லித்தரவில்லை, தானாக வந்தது. சாயங்காலம், அன்று என் மடிக்கு மேலாகத் தட்டை நீட்டிய அதே சிஸ்டர் போனில், “பாத்தீங்களா சிஸ்டர், கர்த்தர் பேசுகிறார்” என்றபோது எனக்கு வந்த கோபத்துக்குப் பாதிக் காரணம், நானும் அப்படியே நினைத்ததுதான்.

வருஷம் முழுக்க விபத்துக் கேஸ் பார்க்கிறவள் நான். லாரி மோதியவன், தென்னையிலிருந்து விழுந்தவன், பால் வாங்கப் போன பிள்ளை. எவரையும் பார்த்து, கர்த்தர் உன்னோடு பேசினார் என்று எனக்குத் தோன்றியதில்லை. என் வீட்டுக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு?

பிப்ரவரி 2, நைட் ட்யூட்டி

சபைக்குப் போகவில்லை. அவருக்கு முழங்கால், எனக்கு ட்யூட்டி. இரண்டும் நிஜம்.

ஒரு மணிக்கு வார்டு அடங்கிய பிறகு கலாத்தியர் நிருபத்தை ஒரே இருப்பில் வாசித்தேன். ஆறே அதிகாரம். இத்தனை காலம் வசனம் வசனமாகத்தான் கேட்டிருக்கிறேன். மொத்தமாக வாசித்தால் அது கோபமாக எழுதப்பட்ட கடிதம். மற்றச் சபைகளுக்கு எழுதும்போது அவர்களுக்காக நன்றி சொல்லித் தொடங்குகிறவன், இங்கே வாழ்த்து முடிந்ததும் நேராகச் சண்டைக்கு வருகிறான். கடைசியில் பெரிய பெரிய எழுத்தாகத் தன் கையாலேயே எழுதுவதாகச் சொல்கிறான். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகினானாம். பவுல் அவனை எல்லாருக்கும் முன்னால் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான்.

அதுவும் ஒரு பந்தி விவகாரம்தான் என்பது இதுவரை என் காதில் ஏறவே இல்லை.

தீத்து கிரேக்கன். எருசலேமுக்குக் கூட்டிக்கொண்டு போயும், விருத்தசேதனம் செய்யும்படி அவனைக் கட்டாயப்படுத்த பவுல் இடம்கொடுக்கவில்லை. சரி. ஆனால் அப்போஸ்தலருடைய நடபடிகளில், எருசலேம் சங்கம் கூடி அது தேவையில்லை என்று தீர்த்த பிறகு, அதே பவுல் லீஸ்திராவில் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணுகிறான். தாய் யூத விசுவாசி, தகப்பன் கிரேக்கன், அங்கே இருந்த யூதர்களுக்காகச் செய்தது. ஒருவனுக்குக் கூடாது, ஒருவனுக்குச் செய்யலாம். இதை எப்படி ஏற்பது?

மூன்று மணிக்கு ஆறாம் பெட் அட்டெண்டர் வந்து கூப்பிட்டாள். புத்தகத்தை மூடினேன்.

பிப்ரவரி 5

ஜெபிக்க உட்கார்ந்தேன். வரவில்லை.

பிப்ரவரி 16

அம்மாவைப் பார்க்க மயிலாடி போனேன். சபை விஷயம் தங்கச்சி மூலமாக அம்மாவுக்கு எட்டியிருக்கிறது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் பெட்டியைத் திறந்து பாட்டியின் பாம்படத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். உருண்டையும் சதுரமுமாகப் பெரிய காதணி, உள்ளே அரக்கு. பாட்டியின் காதுமடல் தோளைத் தொடும். சின்னப் பிள்ளையில் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு விளையாடியிருக்கிறேன். ஓரம் மெல்லிசாக, கயிறு மாதிரி வழவழவென்று இருக்கும்.

“இதைப் போட எங்க அம்மையோட பாட்டிமாருக்கு விதி இல்ல மக்களே” என்றாள் அம்மா.

பள்ளிக்கூடத்தில் தோள்சீலைப் போராட்டம் படித்தவள்தான் நான். ஆனால் அதில் தங்கமும் உண்டு என்பது எப்படியோ மனதில் நிற்கவில்லை. திருவிதாங்கூரில் எங்கள் ஜனங்களுக்கு விதித்திருந்த தடைகள் ஒரு நீண்ட பட்டியல். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, பெண்கள் இடுப்பில் குடம் வைக்கக் கூடாது, மேலுடம்பை மூடக் கூடாது, தங்கம் அணியக் கூடாது. 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து, ஜனங்கள் வேதத்தில் சேரத் தொடங்கின பிறகு மானம் பற்றிய பேச்சும் கூடவே தொடங்கியது. 1814-இல் ரெசிடென்ட் கர்னல் மன்றோ கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போடலாம் என்று உத்தரவு கொடுத்தார். போட்டவர்களைச் சந்தையில் பிடித்துக் கிழித்தார்கள். ஜெபவீடுகளை எரித்தார்கள். 1859-இல் மகாராஜாவின் அறிக்கை வந்தபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதமாக உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

அவர்களுக்கு விடுதலை ஆத்துமாவில் மட்டும் நிற்கவில்லை, தோளிலும் காதிலும் வந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை குப்பாயம் போட்டுக்கொண்டு கோவிலுக்கு நடந்த அந்தப் பெண்ணுக்குத் திரும்பி வரும் வழியில் அடி விழலாம் என்று தெரியும். தெரிந்தும் அடுத்த ஞாயிறு நடந்தாள். அவளுடைய பேத்தியின் பேத்தியிடம் தங்கம் போட்டால் பரலோகம் இல்லை என்று சொல்லுகிறவர்களுக்கு இந்த மண்ணின் கதை தெரியுமா? அரசன் சொன்னதையே கர்த்தரும் சொன்னார் என்கிறார்களா?

பஸ்ஸில் வரும்போது மனம் இன்னொரு பக்கம் திரும்பியது. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரோடு ஊழியம் செய்த பொன்னம்மாள் நகையைத் தானாகவே கழற்றினாள். அந்தக் காலத்தில் பெண் நகை இல்லாமல் இருந்தால் சொந்தக்காரருக்குத் தலைகுனிவு. அவளை ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. அவளிடம் போய், உனக்கு விடுதலை வந்துவிட்டது, திரும்பப் போட்டுக்கொள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளுக்கு அது விளங்கியிருக்குமா?

அம்மா பாம்படத்தை என்னிடம் கொடுக்கவில்லை. திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். “நீ வேண்டாம்னு சொன்னா எனக்குக் கஷ்டமா இருக்கும், அதான்” என்றாள்.

பிப்ரவரி 17

வார்டில் புது ட்ரெய்னிப் பிள்ளைகள். வளையல், மோதிரம் எல்லாம் கழற்றிய பிறகுதான் உள்ளே வர வேண்டும் என்று சொன்னேன். அடியில் கிருமி தங்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. ஒரு பிள்ளை ஏன் என்று கேட்டாள், சொன்னேன், கழற்றினாள். ஒரு நிமிஷ வேலை.

மார்ச் 5

மருமகன் வீட்டில் இன்று சாம்பல் புதன். மகள் ஆராதனை முடித்து நேராக இங்கே வந்தாள். கையில் சின்ன டப்பா. அதற்குள் இரண்டு கல் கம்மல்.

“இனி என்னம்மா? அவங்கதான் உங்களைத் தள்ளிட்டாங்களே. போடுங்க.”

கண்ணாடி முன் நின்றேன். ஞானஸ்நானம் எடுக்கும் முன் கழற்றியது. ஓட்டை தூர்ந்திருக்கும் என்று நினைத்தேன், தூரவில்லை. இடது காதில் கம்பி லேசாக இடித்து, ஒரு சின்ன வலியோடு உள்ளே போயிற்று. கல் மின்னியது. மகள் பின்னால் நின்று சிரித்தாள். அழகாகத்தான் இருந்தது.

கழற்றிவிட்டேன்.

“அப்போ அவங்க சொல்றதுதான் சரின்னு ஆயிடும்லம்மா” என்று சண்டைக்கு வந்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் போட்டால் அவள் கல்யாணத்தின் மேல் விழுந்த கறை போய்விடும் என்பது அவள் எண்ணம். அந்த எண்ணத்துக்காகவாவது போட்டிருக்கலாமோ? ஆனால் சபையை எதிர்க்கவென்று நான் போட்டால், அப்போதும் என் காதை ஆளுவது சபைதானே.

இதை அவளுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. காப்பி குடிக்காமல் போய்விட்டாள்.

மார்ச் 6

போடாமல் இருப்பது பயமா, விருப்பமா? நேற்று ராத்திரி வரை விருப்பம் என்று இருந்தேன். இன்றைக்குத் தெரியவில்லை.

மார்ச் 9

மகள் போன் பண்ணினாள். அவியலுக்குத் தேங்காயோடு சீரகம் அரைக்கணுமா என்று கேட்டாள். அவ்வளவுதான் பேசினோம். போதும்.

மார்ச் 28, நைட் ட்யூட்டி

பதினொன்றரைக்கு ஸ்ட்ரெச்சரில் ஒரு கேஸ். பேச்சு மூச்சு இல்லை, உடம்பெல்லாம் வேர்வை. முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, அதே சிஸ்டர். உபவாச ஜெபம், காலையில் இன்சுலின் மட்டும் போட்டுக்கொண்டு ஒன்றும் சாப்பிடவில்லை என்றான் மகன். சுகர் 38. நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் பார்த்து, கடைசியில் புறங்கையில் கிடைத்தது. டாக்டர் சொன்ன குளுகோஸ் ஏற ஏறக் கண் திறந்தார்.

முதலில் ட்ரிப் பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னை.

“சிஸ்டர், இது ஏறினா உபவாசம் முறிஞ்சதாகுமா?”

குரலில் இருந்தது அப்பட்டமான பயம். உயிர் போய்த் திரும்பியிருக்கிறது, அவர் கேட்பது இதை.

“முறியட்டும் சிஸ்டர்” என்றேன். “நீங்க பட்டினி கிடந்து செத்துத்தான் அவர் மனசு இளகணும்னு இல்ல. அவர் ஏற்கெனவே உங்க பக்கம்தான் இருக்காரு.”

அவர் அழுதார். ஈரமாகியிருந்த சேலையை மாற்றி, உடம்பைத் துடைத்து, வேறு விரிப்பு போட்டேன். முதுகைத் துடைக்கும்போது, “என் மேல கோவம் இல்லியா?” என்று கேட்டார். இருந்தது, ஜனவரியில் நிறைய இருந்தது. அந்த நேரத்தில் தேடிப்பார்த்தால், விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட வேண்டும், ஒரு மணிக்கு மறுபடி சுகர் பார்க்க வேண்டும் என்பதுதான் மனதில் இருந்தது. “திரும்பிப் படுங்க” என்றேன்.

ஒரு மணிக்கு 142. காலையில் இட்லி சாப்பிட்டார்.

ஏப்ரல் 6

நல்ல தூக்கம். அதிகாலை ஜெபத்துக்கு எழும்பாமல் போனதைப் பத்து மணிக்குத்தான் கவனித்தேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

பாஸ்டர் ஆள் அனுப்பியிருக்கிறார். ஞாயிறு உயிர்ப்புப் பண்டிகை ஆராதனையில் நாங்கள் இருவரும் எழும்பி நின்று, பிள்ளை காரியத்தில் தவறினோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், சேர்த்துக்கொள்வார்களாம். சொன்னவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் இது முடிந்தால் போதும் என்றிருந்தது.

என் வீட்டுக்காரர் சொல்லத் தயாராக இருக்கிறார். “ஒரு வார்த்தைதானே. எங்க அப்பா அம்மாவை அடக்கம் பண்ணின சபை. நான் நின்னா பத்துப் பேருக்கு மனசு ஆறும். எனக்கு அதுல ஒரு குறைவும் வராது” என்றார். பயந்து சொல்லவில்லை. அந்த முகம் எனக்குத் தெரியும்.

நான் சொல்ல மாட்டேன். என் மகள் கல்யாணம் பாவம் என்று என் வாயால் வராது. சொன்னால் நாளைக்கு வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு இதையே சட்டமாக வைப்பார்கள்.

அவருக்குத் தீமோத்தேயு கதையைச் சொன்னேன், தீத்து கதையையும் சொன்னேன். முழங்கால் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டார். “அப்போ ரெண்டு பேரும் பவுலோடதான் போனாங்க” என்றார். ஆமாம் என்றேன். “தீமோத்தேயு என்ன சொன்னான்? அவன்கிட்ட கேட்டாங்களா?” அது எழுதியில்லை.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பாஸ்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் மட்டும் நிற்பதா, நான் கூட வந்து உட்கார்ந்திருப்பதா, மகள் காதுக்கு எட்டினால் என்ன நினைப்பாள் என்று பேசிக்கொண்டே இருந்துவிட்டு விளக்கை அணைத்தோம். பேசி முடியவில்லை. எனக்கு நாளைக்கு மார்னிங் ட்யூட்டி.