அறுபதுக்கு முன்னால் ஒரு மூன்று நாள்

மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல வந்தால் தஞ்சாவூர்ப் பக்கத்து மக்கள் என்ன செய்வார்கள்? கல்யாணத்துக்குப் போவார்கள். காதுகுத்துக்குப் போவார்கள். கோயிலுக்குப் போவார்கள். இது எதுவும் இல்லை என்றால் மெட்ராஸிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, பெரிய கோயிலைச் சுற்றிக் காட்டி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயிலேற்றி விட்டால் லீவு முடிந்தது. "சும்மா ரெண்டு பேரும் எங்கயாவது போய் இருந்துட்டு வர்றோம்" என்று புருஷன் பெண்டாட்டி கிளம்புவது மட்டும் வழக்கத்தில் இல்லை.

யோசித்துப் பார்த்தால், இங்கே ஒரு தம்பதி ஜோடியாக வெளியூர் போக ஊர் ஒத்துக்கொள்ளும் சந்தர்ப்பங்கள் இரண்டுதான். ஒன்று, கல்யாணம் ஆன புதிதில். இன்னொன்று, அவருக்கு அறுபது முடியும்போது திருக்கடையூரில். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம் என்பதால் அங்கே அறுபதுக்கு அறுபதாம் கல்யாணம், எண்பதுக்குச் சதாபிஷேகம் நடக்கிறது. எந்த நாள் போனாலும் மாலையும் கழுத்துமாக நாலைந்து வயதான ஜோடிகளையாவது பார்க்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் முப்பது முப்பத்தைந்து வருஷம் இருக்கிறதே, அதற்கு என்ன?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி பாம் ஸ்பிரிங்ஸ் என்ற பாலைவன ஊருக்குப் போவார்கள். அங்கே வெயில், மணல், நீச்சல் குளம், சாய்வு நாற்காலி. மற்றபடி ஒன்றும் கிடையாது. அந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் போகிறார்கள். டெல்டாவில் பாலைவனத்துக்கு எங்கே போவது? பக்கத்துக்குப் பக்கம் ஆறு, வாய்க்கால், வயல். வெளியூர்க்காரர்கள் இந்தப் பச்சையைப் பார்க்கக் காசு கொடுத்து வருகிறார்கள். ஆனால் உள்ளூர்க்காரருக்குப் பச்சை என்பது காட்சி இல்லை, வேலை. வயலைப் பார்த்தாலே களை எடுத்தாச்சா, தண்ணீர் ஏறியிருக்கா என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஆக, டெல்டாக்காரரின் பாலைவனம் கடல்தான். அங்கே நடுவதற்கும் அறுப்பதற்கும் ஒன்றுமில்லை!

விஷயம் இதுதான். தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், வயது 47. அவர் மனைவிக்கு 42. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். கல்யாணம் ஆகி இருபது வருஷம். ஒரே பெண் 2025ல் கல்லூரியில் சேர்ந்து கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அவள் போன இரண்டாவது வாரமே இருவரும் ஒன்றைக் கவனித்தார்கள். சாப்பிட உட்கார்ந்தால் பேச எதுவுமே இல்லை. இத்தனை நாளும் பேச்சு முழுக்கப் பெண்ணைப் பற்றி, இல்லை பெண் வழியாக. சண்டை என்று ஒன்றும் கிடையாது. டிவி சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. 16 சனிக்கிழமை கிருஷ்ண ஜெயந்தி. 17 ஞாயிறு. மூன்று நாள். "தரங்கம்பாடி போய் இருந்துட்டு வரலாமா?" என்று கேட்டது அவர் மனைவி.

வாத்தியாரின் அம்மாவிடம் சொல்ல வேண்டுமே! அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்னப்பா வேண்டுதல்?" வேண்டுதல் எதுவும் இல்லை என்றதும், "ஆடி கடைசி வெள்ளிக்கிழமை, வீட்டுல வெளக்கேத்தாம பொம்பளை வெளியூர்ல போய்த் தங்குறதா?" என்றார். ஆடி மாதத்தில் புது ஜோடியைப் பிரித்து வைப்பது உண்டு, இருபது வருஷப் பழைய ஜோடிக்கு அந்தச் சட்டம் கிடையாது என்று வாத்தியார் சொல்லிப் பார்த்தார் :-) அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "அறுபதுல திருக்கடையூர் போவோம்னு உங்கப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரு. அம்பத்தெட்டுல போயிட்டாரு. போயிட்டு வாங்க. வெளக்கு நான் ஏத்திக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை பள்ளியில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துவிட்டு வந்து, பத்தரை மணிக்கு பஸ் ஏறினார்கள். கும்பகோணத்தில் ஒரு பஸ், மயிலாடுதுறையில் ஒரு பஸ் மாற வேண்டும். எல்லாம் சேர்த்து நூறு கிலோமீட்டர் போல. ஜூன் 12ந்தேதியே மேட்டூர் அணையைத் திறந்துவிட்டதால் வழியெல்லாம் குறுவை. வாத்தியாருக்கு ஐந்து மா நிலம் உண்டு, குத்தகைக்கு விட்டிருக்கிறார். ஆனாலும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "பயிர் மஞ்சளடிச்சுப் போச்சு, இன்னும் உரம் போடலை பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். "ஏங்க, அது நம்ம வயலா?" என்று மனைவி கேட்ட பிறகுதான் நிறுத்தினார்.

தரங்கம்பாடி பெரிய ஊர் இல்லை. 1792ல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டினால் ராஜ வீதி. இரண்டு பக்கமும் பழைய ஐரோப்பிய வீடுகள், இரண்டு தேவாலயங்கள், கடைசியில் கோட்டை, அப்புறம் கடல். 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை அது. 1706ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு, 1715ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும் இந்த ஊரில்தான். 1845ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டார்கள். நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வியாபாரம் அங்கே போய்விட்டது. அன்றைக்கு வியாபாரத்தில் தோற்றதால்தான் இன்றைக்கு இவ்வளவு அமைதி!

இங்கே போகிற எல்லோருக்கும் சொல்லப்படும் ஒரு செய்தி, "ஓசோன் காத்து சார், உடம்புக்கு அவ்வளவு நல்லது!" பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய டாக்டர்களே கடற்காற்றில் ஓசோன் இருக்கிறது என்று நோயாளிகளைக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். உண்மையில் தரை மட்டத்தில் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். அது வானத்தில் உயரத்தில் இருந்தால்தான் நமக்குப் பாதுகாப்பு. கடலுக்கே உரிய அந்த வாசனைக்கு முக்கியக் காரணம் கடல் நுண்ணுயிர்களால் உண்டாகும் டைமெத்தில் சல்பைடு என்ற பொருள். வாத்தியார் அறிவியல் பாடம் எடுப்பவர். இதை மனைவிக்குப் பத்து நிமிஷம் விளக்கினார். "என்னமோ, நல்லாருக்குல்ல?" என்றார் மனைவி. அதுவும் சரிதான். ஆகஸ்டில் காலையெல்லாம் மேற்கிலிருந்து சூடான காற்று அடிக்கும். தரை நன்றாகக் காய்ந்ததும் கடலிலிருந்து எதிர்க்காற்று கிளம்பும். அது முகத்தில் பட்டவுடன் பாதி உடம்புவலி போய்விடும். அதற்கு ஓசோன் தேவையில்லை.

முதல் நாள் மாலை முழுக்கப் பெண்ணைப் பற்றிய பேச்சு. ஹாஸ்டல் சாப்பாடு, பீஸ், சளி. இரண்டாம் நாள் கோட்டைக்குப் போனார்கள். பிறகு கரையோரம் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில். 1306ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி என்று அங்கே கல்வெட்டு உண்டு. கோயிலின் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இதே கரையில்தான் அத்தனை மீனவக் குடும்பங்கள் போயின. அன்று மத்தியானம் மனைவி மூன்று மணி நேரம் தூங்கினார். இருபது வருஷத்தில் அவர் பகலில் அப்படித் தூங்கி வாத்தியார் பார்த்தது பிரசவத்தின்போது மட்டும்தான். சமையல் இல்லை, மெஷின் இல்லை, "அக்கா, என் பிளவுஸ் ஆச்சா" என்று கேட்டு யாரும் கதவைத் தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சூரியன் கடலிலிருந்து மேலே வந்தது. பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டார், "ஏங்க, நீங்க ரிட்டயர் ஆனதுக்கப்புறம் எங்க இருக்கப் போறோம்?"

"இதென்ன கேள்வி? கிராமத்து வீடு இருக்குல்ல. வெள்ளையடிச்சுட்டுப் போயிட வேண்டியதுதான்."

"எனக்கு அங்க போக வேணாம்."

வாத்தியார் திகைத்துப்போனார். திருவையாறு பக்கம் அப்பா கட்டிய வீடு, ஐந்து மா நிலம், வாசலில் திண்ணை. அறுபதில் அங்கே போய் உட்காருவதுதான் அவருடைய திட்டம். மனைவி மெதுவாகத்தான் சொன்னார். தஞ்சாவூரில் தையல் வழியாகத் தனக்கென்று நாற்பது ஐம்பது பேர் இருக்கிறார்கள். சம்பாத்தியம் இருக்கிறது. கிராமத்துக்குப் போனால் மறுபடி இன்னாரின் மருமகள் மட்டும்தான். "இதை ஏன் இத்தனை நாளா சொல்லலை?" என்றார் வாத்தியார். "நீங்க கேட்டாத்தானே" என்றார் மனைவி.

ஓய்வெடுக்கப் போன இடத்தில் இதென்ன வம்பு என்று தோன்றலாம். ஆனால் சில பேச்சுகளுக்கு நேரம் வேண்டும். கரண்ட் பில், பால் கணக்கு எல்லாம் ராத்திரி விளக்கை அணைக்கும் முன் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். "மீதி வாழ்க்கையை எங்கே கழிப்பது" என்பதை அதற்குள் அடக்க முடியாது. முதல் நாள் பெண்ணைப் பற்றியே பேசித் தீர்த்து, இரண்டாம் நாள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகுதான் அது வெளியே வரும். அதனால்தான் ஒரு நாள் போதாது, மூன்று நாள் வேண்டியிருக்கிறது.

மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டார்கள். (வெள்ளி ஆடி, சனி பெருமாள், ஞாயிறுதான் வாய்த்தது.) திரும்பும் பஸ் திருக்கடையூரில் நின்றபோது மாலையோடு ஒரு ஜோடி ஏறியது. கூடவே பேரன் பேத்தி, தாம்பூலப் பை, ஒரே கூட்டம். வாத்தியார் எழுந்து அந்தப் பெரியவருக்கு இடம் கொடுத்தார்.

வீட்டு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. வாத்தியார் கிராமம் என்கிறார், மனைவி டவுன் என்கிறார். ரிட்டயர்மெண்டுக்குப் பதிமூன்று வருஷம் இருந்தது, அவசரமில்லை. சாப்பிடும்போது இப்போது டிவி போடுவதில்லை. தினமும் ஒரு வாதமாவது நடக்கிறது. அம்மா மருமகள் கட்சி!