அரை கிரவுண்டா, கால் கிரவுண்டா?

புது மனைப்பிரிவு சிங்கப்பெருமாள்கோவில் ஸ்டேஷனிலிருந்து அஞ்சே நிமிஷம் என்று போனில் சொன்னார்கள். ஒரகடம் சாலையில் ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய், இறங்கி மண் ரோட்டில் நடை. மொத்தம் 4.6 கிலோமீட்டர் என்று கைபேசி காட்டியது.

5 ஏக்கர். நெல் விளைந்த நிலம், வரப்புகள் இன்னும் முழுசாக அழியவில்லை. நடுவில் கிராவல் கொட்டி ஒரு பாதை. புரமோட்டர் கார் பானெட்டின் மேல் இரண்டு வரைபடங்களை விரித்தார். ஒன்றில் அரை கிரவுண்டு, 30க்கு 40 அடி, 106 மனை. மற்றதில் கால் கிரவுண்டு, 20க்கு 30, 212 மனை. எதை டிடிசிபி ஒப்புதலுக்கு அனுப்புவது என்பதில்தான் இழுபறி. படமெடுக்க விடவில்லை. ரெரா பதிவு எண் வராமல் விளம்பரம் கூடாது என்ற சட்டம் அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதுவரை சரி.

"இருநூறு வீடுன்னா ஆயிரம் பேரு தம்பி. எங்க ஊர்லயே அவ்ளோ தலை இல்ல" என்றார் துண்டை உதறிக்கொண்டே, பெரிய மனையாகவே போடச் சொல்கிற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர். கணவரோடு வந்திருந்த பெண் ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். "சதுர அடி 2,400 சொல்றாங்கண்ணா. அரை கிரவுண்டுன்னா 28 லட்சத்து 80 ஆயிரம். எங்களுக்கு யாரு லோன் தருவா?" அவர் கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. பெரிய மனைதான் வேண்டும் என்றால், இந்தப் பெண் வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

தெரு 24 அடி என்றார் புரமோட்டர். சுண்ணாம்புக் கோட்டுக்குக் கோடு டேப் பிடித்தேன். 23 அடி 7 அங்குலம், 7.2 மீட்டர் கணக்கு. பொய்யில்லை. இரண்டு வரைபடத்திலும் பூங்கா வடகிழக்கு மூலையில். நடந்து போனால் கோரைப்புல், செருப்பு புதைகிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத்தைப் பொது இடமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கிற நிலம் எப்போதும் ஏன் பள்ளத்திலேயே இருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் சந்தேகம்.

கால் கிரவுண்டு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த பழைய மனைப்பிரிவுக்குப் போனேன். எல்லாம் மாடி வீடு, கீழே சொந்தக்காரர், மேலே வாடகை. மாடிப்படிக்கு அடியில் போர், வாசலோரம் செப்டிக் டேங்க். டேங்க் என்பது பேச்சுக்குத்தான், உறை இறக்கிய குழி, அடியில் சிமென்ட் கிடையாது. வீட்டம்மாவிடம் கேட்டுக்கொண்டு அளந்தேன், மூடிக்கும் போருக்கும் நடுவே 11 அடி. "அந்தத் தண்ணி பாத்திரம் கழுவ, துணி துவைக்கத்தான்" என்றார். திண்ணையில் நான்கு தண்ணீர் கேன், ஒன்று 35 ரூபாய். குழி நிறைந்தால் லாரிக்கு 1,500. தெருவில் சாக்கடை மணம் லேசாக இருந்தது. அவர்களுக்குப் பழகிவிட்டது.

இப்படிப்பட்ட உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஏறக்குறைய 59 அடி. கால் கிரவுண்டில் மூலைக்கு மூலை கயிறு பிடித்தாலும் 36 அடிதான். சரி, அரை கிரவுண்டு? அதுவும் 50 அடிதான். பெரியவர் கேட்கிற மனையும் தேறாது.

1977இல் உலக வங்கிக் கடனில் சென்னையின் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் ஏழைகளுக்கென்று மனை பிரித்தார்கள். கால் கிரவுண்டைவிடச் சின்ன மனைகளும் அதில் உண்டு. ஆனால் மனையோடு தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் சேர்த்தே கொடுப்பதுதான் அந்தத் திட்டம். வீட்டை அவரவர் வசதிப்படி கட்டிக்கொண்டார்கள்.

திரும்பும்போது புரமோட்டரிடம் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு எந்த மூலையை ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு தாளிலும் இல்லை. வரைபடத்தைச் சுருட்டியபடி சொன்னார்: "போடலாம் சார். விலை ஏறும். பக்கத்து சைட்காரன் போடாம விப்பான், நான் மட்டும் எப்படி விக்கிறது?"